எஞ்சின் பெட்டியில் ஓர் இடம்

படகுத்துறையில் அவரை எல்லோரும் முப்பத்தாறு என்றுதான் கூப்பிடுவார்கள். வயதைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம், வயது ஐம்பத்தாறைத் தாண்டி ஆறு மாதம் ஆகிறது. படகில் இருக்கை முப்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால், எண்ணி முடித்து, "முப்பத்தாறு" என்று ஒரு கத்து கத்திவிட்டு விசில் ஊதுவார். பத்தொன்பது வருஷமாக, நாளைக்கு எட்டுத் தடவை கத்தினால் அதுவே பெயராகிவிடாதா? பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. அதையும் எடுத்துப் பார்க்க ஆளில்லை.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வருகிறவர்களுக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட வேண்டும், கொக்கி போட வேண்டும், கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். நீர்த்தேக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, படகு ஒரு குறுகலான வளைவுக்குள் நுழைந்து அருவித்துறையில் நிற்கும். நாட்காட்டியிலும் தபால் அட்டையிலும் எல்லோரும் பார்த்திருப்பார்களே, அதே அருவிதான். நூற்று நாற்பது படி ஏறினால் தெரியும். நாற்பது நிமிஷம் நேரம். அதற்குள் ஏறிப் பார்த்து, படம் பிடித்து, நனைந்து, இறங்கி வந்துவிட வேண்டும். "நாப்பதே நிமிஷம், நாப்பதே நிமிஷம்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். எவன் காதில் போட்டுக்கொள்கிறான்?

ஆரம்ப காலத்தில் தலையை எண்ணித்தான் பார்த்தார். ஒருவர் கழிவறையில் இருப்பார், ஒருவர் குனிந்து செருப்பைத் தேடுவார், குழந்தை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குத் தாவும். ஒரு நாள் ஒரு முழு மனிதரையே விட்டுவிட்டு வந்து, மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம்தான் இந்த ஏற்பாடு. அருவித்துறையில் ஒரு நீளப் பலகை, அதில் முப்பத்தாறு ஆணி. இறங்குகிறவர்கள் சட்டையைக் கழற்றி, அதில் போட்டிருக்கும் எண்ணுக்குரிய ஆணியில் மாட்டிவிட்டு மேலே ஏற வேண்டும். திரும்பி வந்து அதே சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பலகை காலியானால் படகு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். முகத்தையே பார்க்க வேண்டாம், பலகையைப் பார்த்தால் போதும். பதினேழு வருஷமாக ஒரு தப்புகூட நடந்ததில்லை. மற்றப் படகுக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு அவரவர் துறையில் ஆணி அடித்துக்கொண்டார்கள்.

ஆனால் உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. காலை எட்டு மணி நடை, பத்து மணி நடை, பன்னிரண்டரை, மூன்று. நாலு நடையும் நின்றுகொண்டே போக வேண்டும். படகின் ஆட்டம் ராத்திரி கட்டிலில் படுத்தாலும் காலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நாளைக்கு நூற்று நாற்பத்து நாலு பேரிடம் பேசிப் பேசி, வீடு வந்து சேரும்போது வாயில் ஒரு வார்த்தை மிச்சம் இருக்காது.

வீடு மூன்றாம் மாடியில், இரண்டு அறை. மாடி ஏறி வந்து நாற்காலியில் அக்கடா என்று விழுவார். மனைவி தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். பாதிச் சாப்பாட்டில் கரண்டியைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுவார். அவள் கரண்டியை மெதுவாக உருவி எடுத்துவிட்டு விளக்கை அணைப்பாள். செவ்வாய்க்கிழமை படகுகளைக் கழுவும் நாள், அவருக்கு விடுமுறை. அன்றைக்கும் தூக்கம்தான்.

அவள் சண்டை போடுகிற ரகம் இல்லை. கல்யாணமான புதிதில் நிறையப் பேசுவாள், நிறையச் சிரிப்பாள். பிறகு மகள் வளர்ந்தாள், அவளோடு பேசினாள். மகளும் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்ட பிறகு, ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே தெருவைப் பார்ப்பாள். ஏழு மணிக்கு அவர் தலை தெரிந்ததும் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த அருவியைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ தடவை சொன்னாள். அவருக்கு விடுமுறை என்றால் படகுக்கும் விடுமுறை, படகு ஓடினால் அவருக்கு வேலை. "கூட்டம் குறையட்டும், கூட்டிட்டுப் போறேன்" என்பார். கூட்டம் என்றைக்குக் குறைந்தது?

போன மாதம் மகள் போனில் அம்மாவைத் தன்னோடு வந்து இருந்துவிடச் சொன்னாள். இரண்டாவது குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆகிறது, தானும் வேலைக்குத் திரும்ப வேண்டும், அம்மாவுக்கென்று ஓர் அறை இருக்கிறது, அங்கே நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன கண்டாய் என்று கேட்டாளாம். மனைவி இதை அவரிடம் சொன்னபோது அவர் "ம்" என்றார். தூக்கக் கலக்கம். நாலு நாள் கழித்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பெட்டி இருந்தது. எட்டிப் பார்த்தார். குளிர்காலக் கம்பளி வரைக்கும் மடித்து வைத்திருந்தாள். பத்து நாள் போய்விட்டு வருகிறவள் கம்பளி எடுத்துக்கொண்டு போவாளா?

போகாதே என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல் வாய் வரைக்கும் வந்து வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, "சனிக்கிழமை மூணு மணி நடைக்கு வர்றியா? அருவியப் பாத்துரலாம்" என்றார். அவள் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். திங்கட்கிழமை காலைப் பேருந்துக்குச் சீட்டு எடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டு, சரி, வருகிறேன் என்றாள்.

படகுக்காரர்கள் வீட்டு மனிதர்கள் வந்தால் அவர்களுக்கென்று ஓர் இடம் உண்டு. பின்பக்கத்தில், எஞ்சின் பெட்டிக்கு மேல் ஒரு மெத்தையைப் போட்டு உட்காரவைப்பார்கள். முப்பத்தாறு இருக்கையில் கை வைக்கக் கூடாது. அவர்களுக்கு எண் போட்ட சட்டையும் கிடையாது, பெட்டிக்குள் கிடக்கும் பழைய சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அன்றைக்கு அவளுக்கும் அந்த இடம், அந்தச் சட்டை. நல்ல நீலப் புடவை கட்டி, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தாள். படகோட்டி, அவரைவிடப் பத்து வயது சின்னவன், "அண்ணி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கிண்டல் பண்ணினான். அருவித்துறையில் தானே பலகையைப் பார்த்துக்கொள்வதாகவும், அண்ணன் அண்ணியோடு மேலே போய் வரட்டும் என்றும் வேறு சொன்னான். நல்ல பையன்.

அன்றைக்கென்று பார்த்து, ஓய்வுபெற்ற அலுவலர்கள் கூட்டம் ஒன்று மொத்தமாக வந்து ஏறியது. ஒருவருக்கு வெயில் படக் கூடாது, ஒருவருக்குப் பக்கத்து இருக்கைக்காரரின் குடை ஆகாது, ஒரு பெரியவர் இந்த நீர்த்தேக்கத்தைக் கட்டிய விதமே தப்பு என்று அவரிடம் வாதம் செய்தார். அவர் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகொண்டே இருந்தார். எஞ்சின் பெட்டியைக் கடக்கும்போது ஒரு தடவை, வெயில் அடிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அதற்குமேல் பேச நேரமில்லை.

அருவித்துறையில் இறங்கியதும் ஒரு அம்மாளின் சட்டைக் கொக்கி மாட்டிக்கொண்டது. அதை எடுத்துவிடுவதற்குள் இன்னொருவரின் செருப்பு தண்ணீரில் விழுந்து மிதந்தது. மனைவி படியில் கால் வைத்துக் காத்துக்கொண்டு நின்றாள். "நீ ஏறிட்டே இரு, பின்னாலேயே வர்றேன்" என்றார். அவள் அந்தப் பழைய சட்டையைக்கூடக் கழற்றாமல், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிப் போனாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு.

செருப்பை எடுத்துக் கொடுத்தாயிற்று. போய்விடலாம் என்றுதான் கிளம்பினார். நூற்று நாற்பது படியை அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கு அது நாலாவது நடை. இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு ஏறுவோம் என்று படகிலிருந்து தெரியாதபடி பலகைக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுதான் தெரியும்.

படகின் ஒலிப்பான் அலறியபோது திடுக்கிட்டு எழுந்தார். முகங்கள் இறங்கி வந்துகொண்டிருந்தன. அப்புறம் நடந்ததை அவர் செய்தார் என்று சொல்ல முடியாது. பத்தொன்பது வருஷத்துப் பழக்கம் செய்தது. கை தானாகக் கொக்கி போட்டது, வாய் தானாகக் கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள் என்றது. பலகையைப் பார்த்தார். முப்பத்தாறு ஆணியும் காலி. "முப்பத்தாறு" என்று கத்தினார். விசில் ஊதினார். படகு கிளம்பியது.

திரும்பும் வழி முழுக்க முன்பக்கத்தில் நின்றபடி அந்தப் பெரியவரின் இரண்டாம் சுற்று வாதத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். படகோட்டியின் அறை அதற்கும் முன்னால். அண்ணனும் அண்ணியும் பின்னால் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், தொந்தரவு பண்ணக் கூடாது என்று அவன் திரும்பியே பார்க்கவில்லை. கரை வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். சட்டைகளை வாங்கி அடுக்கினார், குழாயை எடுத்துத் தரையைக் கழுவ ஆரம்பித்தார். அப்போதுதான் அவன் எஞ்சினை அணைத்துவிட்டு வந்தான்.

"அண்ணே, அண்ணி எங்க? அதுக்குள்ள வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

அவர் திருதிருவென்று விழித்தார். குழாயிலிருந்து தண்ணீர் அவர் கால்மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் பெட்டியின் மேல் மெத்தை மட்டும் கிடந்தது. படகோட்டி அவர் முகத்தைப் பார்த்தான், மெத்தையைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் போய் எஞ்சினைத் திரும்பப் போட்டான். அலுவலகத்தில் அனுமதிகூட வாங்கவில்லை. அந்த வளைவுக்குள் போன் எடுக்காது என்று தெரிந்தும் அவர் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.

முப்பத்தைந்து நிமிஷப் பயணம். காலிப் படகில், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, பயணிகளின் இருக்கை ஒன்றில் உட்கார்ந்தார். என்ன சொல்லலாம்? எஞ்சின் மக்கர் பண்ணியது எனலாம். பெரியவர் ஒருவருக்கு மயக்கம் வந்துவிட்டது, அவசரமாகக் கரை சேர்க்க வேண்டியிருந்தது எனலாம். பாதி வழியிலேயே நினைவு வந்துவிட்டது, பயணிகள் திருப்பவிடவில்லை எனலாம். அது நல்ல சப்பைக்கட்டு. அதையே இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அவமானமாக இருந்தது. யாரோ ஒருவரின் செருப்பு நினைவிருந்தது, கட்டிய மனைவி நினைவில்லை. இந்தக் கேவலத்தை எங்கே போய்ச் சொல்வது?

அவள் கடைசிப் படிக்குப் பத்துப் படி மேலே, சுவரோரக் கல் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். துறையில் ஓர் ஆள் இல்லை. அருவி வாசலில் சீட்டுக் கிழிக்கிற பெண் வேலை முடித்துப் போகும்போது, மலைப்பாதை வழியாகத் தன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாளாம். வேண்டாம், அவர் வருவார் என்று இவள் சொல்லிவிட்டாளாம். படகோட்டி இறங்காமல் தன் அறையிலேயே இருந்துகொண்டான். அவர் ஏறிப் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"இங்கதான் இருந்தியா?"

"இங்கதான் இருந்தேன். முழங்கால் பிடிச்சுக்கிச்சு, கொஞ்சம் உக்காந்தேன். நீங்க எல்லாருக்கும் சட்டை மாட்டிவிட்டீங்க. விசில் ஊதினீங்க. எல்லாம் பாத்தேன்."

"ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்தா நின்னிருப்பீங்க. அது எனக்குத் தெரியும்." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குடுக்கலன்னா என்ன ஆகுதுன்னு பாக்கலாம்னு தோணுச்சு. படகு அந்த வளைவுல மறையிற வரைக்கும் திரும்பிப் பாப்பீங்கன்னு நினைச்சேன்."

அருவிச் சத்தம் மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. அருவியைப் பார்த்தாயா என்று கேட்கத் தோன்றியது, கேட்க வாய் வரவில்லை. பிறகு அவளே கேட்டாள்.

"எங்க வச்சு ஞாபகம் வந்துச்சு?"

அந்தச் சப்பைக்கட்டு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பாதி வழியில் என்று சொன்னால் போதும். அவள் நம்பினாலும் நம்பியிருப்பாள்.

"எனக்கு வரல," என்றார். "கரையில போயித் தரையக் கழுவிட்டு இருந்தேன். அவன்தான் கேட்டான், அண்ணி எங்கன்னு."

அவள் அந்தப் பழைய சட்டையின் கொக்கியை மாட்டி மாட்டிக் கழற்றினாள். கோபப்பட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

"நினைச்சுக்கிட்டுத்தான் வந்தேன். வாய் வரல."

அவள் லேசாகச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாளாக வாய்க்குள் கிடந்ததை அப்போதுதான் சொன்னார்.

"போகாத."

"முதல் தடவையாக் கேக்குறீங்க."

"ஆமா."

"நான் போறேன்ங்க. கோபத்துல போகல. எனக்கு அலுத்துப்போச்சு. உங்களுக்கு இந்த வேலை எப்படி அலுத்துப்போச்சோ, அப்படி எனக்கு உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறது அலுத்துப்போச்சு. உங்களுக்காவது செவ்வாய்க்கிழமை லீவு. எனக்கு அதுல ஒரு நாள்கூட லீவு கிடையாது."

அவர் தலை குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவர் கையைக் கொடுத்தார். பத்துப் படியையும் ஒவ்வொன்றாக இறங்கினார்கள். படகில் அவள் பயணிகள் இருக்கையில் உட்கார்ந்தாள், அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை முழு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். காலை எட்டு மணிப் பேருந்தில் பெட்டியை மேலே ஏற்றிவைத்துவிட்டு, அவள் ஜன்னலுக்குக் கீழே நின்றார். எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுப்பின் இடதுபக்கத் திருகு இறுகலாக இருக்கும், பார்த்துத் திறங்கள் என்றாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்கிறேன் என்றாள். இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடும் பேருந்து அது.

ஒன்றே முக்காலுக்கு அவர் போனை எதிரில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. தாமே கூப்பிட்டார், மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டார், அவளும் எடுக்கவில்லை. பேருந்துக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயந்தார். ஏதாவது ஆகியிருந்தால் சொல்லியிருப்பார்களே என்று தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டார். அந்த நேரத்தில் போன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கீழே தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பார்த்தார். தூக்கம் வரும் என்று நினைத்தார். அது என்னவோ, அன்றைக்குப் பார்த்து வரவில்லை.

ஐந்து மணிக்குப் போன் அடித்தது. பின்னால் குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம்.

"வந்ததிலேர்ந்து இவ கீழ இறங்கவே மாட்டேங்குறா. போனப் பெட்டிக்குள்ளேயே வச்சுட்டேன். உங்களுக்குச் சொல்லணும்ங்கிறதே மறந்துபோச்சு."

"பரவால்ல," என்றார். குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல. நீ கூப்பிடுவேன்னு உக்காந்திருந்தேன்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மணிக்கு முன்னாலேர்ந்து."

அந்தப் பக்கம் அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போடுவது கேட்டது. அழுகை கொஞ்சம் அடங்கியது.

"கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டாள். குத்திக் கேட்கவில்லை, உடம்புக்கு என்ன என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஆமா," என்றார். "ரொம்ப."

"ம்," என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, போனையும் வைக்கவில்லை.